கொட்டாரத்து வயலும் நெய்வேலிக் குழியும்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் பேருந்தில் சுசீந்திரம் தாண்டியதும் இடதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் மருத்துவாழ் மலை கூடவே வரும். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து முடியும் இடங்களில் ஒன்று அது. மலை கொஞ்சம் பின்னால் போனதும் கொட்டாரம். கன்னியாகுமரிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும்போதே வந்துவிடும் பேரூராட்சி. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலோர் இந்த ஊரில் இறங்குவதில்லை. கடலையும் பாறையையும் பார்க்கிற அவசரத்தில் வயலையும் குளத்தையும் தாண்டிப் போய்விடுவார்கள்.

நாஞ்சில் நாட்டு வழக்கில் கொட்டாரம் என்றால் அரண்மனை. நெல் சேர்த்து வைக்கும் இடத்துக்கும் அந்தச் சொல் உண்டு. இரண்டில் எது இந்த ஊருக்கு முதலில் வந்த பொருள் என்ற விவாதத்தை ஊர்க்காரர்களுக்கே விட்டுவிடலாம். நெல்லுக்கும் ஊருக்கும் உள்ள உறவு பழையது என்பதைச் சுற்றியுள்ள நிலமே சொல்லிவிடும். பள்ளத்தில் வயல், அதற்குச் சற்று மேலே தென்னையும் வாழையும் நிற்கும் விளை, அதற்கும் மேலே மொட்டைப் பாறையாக எழும் பொத்தை. இந்த மூன்று அடுக்கும் ஒரு மைல் தூரத்துக்குள் அடங்கிவிடும்.

தண்ணீர் வருவது வெகுதூரத்திலிருந்து. திருவிதாங்கூர் காலத்தில் கட்டி 1906-ல் முடிந்த பேச்சிப்பாறை அணை, பிறகு வந்த பெருஞ்சாணி, அங்கிருந்து கோதையாறு பாசன அமைப்பின் கால்வாய்கள், கால்வாயிலிருந்து குளம், ஒரு குளத்தின் மறுகாலிலிருந்து அடுத்த குளம். அகஸ்தீஸ்வரம் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் கடைசியில்தான் வந்து சேரும். கடைமடைக்காரருக்குத் தண்ணீரின் அருமை தெரியும் என்பார்கள். மண்ணின் அருமையும் அதே அளவு தெரிந்தாக வேண்டிய காலம் இது.

சித்திரை, வைகாசியில் தொடங்கும் கன்னிப்பூ, புரட்டாசி, ஐப்பசியில் தொடங்கும் கும்பப்பூ என இரண்டு போகம். கும்பப்பூ நடவு நடக்கும் நாட்களில்தான் வடக்கேயிருந்து வலசைப் பறவைகளும் வந்து இறங்குகின்றன. அதே தொழி அடித்த வயலில் மடையான், உண்ணிக்கொக்கு, அரிவாள் மூக்கன், உள்ளான் எல்லாம் டிராக்டருக்குப் பின்னாலேயே நடக்கும். குளத்துக்குள் நீலச்சிறகி, நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழி. கொஞ்சம் ஆழமான தண்ணீரில் கூழைக்கடாவும் நீர்க்காகமும். ஓரத்தில் முழங்கால் நனையாத தண்ணீரில் சங்குவளை நாரை.

சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற தகுதி அது. (கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த தேரூர்தான் இது.) அதே ஆண்டில் இந்த மாவட்டத்தின் வேம்பனூர் ஈரநிலமும் பட்டியலில் ஏறியது. சுசீந்திரம் தேரூர் தொகுப்பின் பரப்பு சுமார் 94 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் 230-க்கு மேல். ஆனால் அந்தப் பறவைகள் 230 ஏக்கருக்குள்ளேயே தின்று வாழ்வதில்லை. இரவு தங்குவது குளத்து மரத்தில் என்றால், பகலில் மேய்வது சுற்றிலும் உள்ள தனியார் வயல்களில், கொட்டாரம் வரைக்கும், மணக்குடிக் காயல் வரைக்கும். வரைபடத்தில் கோடு போட்டுக் காப்பாற்றியது ஒரு பங்கு. மீதிப் பங்கு பட்டாதாரர்களின் கையில் இருக்கிறது.

இங்கே தோண்டப்படுவது என்ன?

கொட்டாரத்தில் நிலக்கரி இல்லை. சுரங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே இங்குள்ளவர்களுக்கு அது வேறு மாவட்டத்துச் சமாச்சாரம். ஆனால் பூமியின் மேல்தோலைச் சீவி எடுத்து, கீழே இருப்பதை விற்று, குழியை விட்டுவிட்டுப் போவதுதான் திறந்தவெளிச் சுரங்கம் என்றால், அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டாரங்களில் அது பல வகையில் நடக்கிறது. பொத்தையை உடைத்துக் கல்லும் ஜல்லியும் எடுக்கிறார்கள். விளையைச் சீவிச் செம்மண் எடுத்து, அதைக் கொண்டுபோய் வயலை நிரவி மனையாக்குகிறார்கள். இதில் ஒரே லாரி மண்ணால் இரண்டு நிலம் கெடுகிறது, எடுத்த இடமும் கொட்டிய இடமும். செங்கல் சூளைக்கு வயலின் களிமண்ணை விற்கிறார்கள். குளத்து வண்டலை எடுக்கிறார்கள். இது ஒன்றுதான் முறையாகச் செய்தால் எல்லோருக்கும் நன்மை.

கடற்கரையோரமாக மேற்கே போனால் மணவாளக்குறிச்சி. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்து மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அங்கே மணல் எடுப்பு. இந்திய அரிய மணல் ஆலை நிறுவனம் 1965-ல் அதை ஏற்று நடத்தத் தொடங்கியது. இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், மோனசைட் ஆகியவற்றைப் பிரித்துவிட்டு மீதி மணலைத் திரும்ப நிரப்புவார்கள். நிரப்பிய மணல் பார்வைக்குப் பழைய மணல்போலவே இருக்கும். ஆனால் மணல்மேட்டைப் பிடித்து நிறுத்தியிருந்தது அடம்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும். அவை இல்லாத மணல் ஆடிக் காற்றில் வீட்டுக்குள் வரும். எடுப்பதைத் திரும்ப நிரப்பினால் போதும் என்ற கணக்கு எங்கே இடிக்கிறது என்பதற்கு இது சின்ன உதாரணம். பெரிய உதாரணம் கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது.

நெய்வேலி கற்றுக்கொண்டதும் கற்காததும்

கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது அதே நவம்பர் 14. அங்கே கரி இருப்பது அதற்கும் இருபது வருடம் முன்னால், ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். கரிப் படிவம் கண்ணில் படுவதற்கு 1961 ஆகிவிட்டது. அத்தனை மண் மேலே கிடந்தது.

கரிக்கு மேல் 50 மீட்டருக்கும் அதிகமான மண்ணும் மணற்பாறையும். ஒரு டன் கரி எடுக்க 5 கன மீட்டருக்கு மேல் மண்ணை அள்ள வேண்டும். கரிக்கு அடியில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை வெடிக்காமல் இருக்கும். எடுக்கிற கரியைவிடப் பல மடங்கு எடையுள்ள தண்ணீர் வெளியே வருகிறது. அதில் ஒரு பகுதி பாசனத்துக்கும் குடிநீருக்கும் போகிறது என்பது உண்மை. சுற்றுவட்டாரத்துக் கிணறுகளின் மட்டம் கீழே போனதாக விவசாயிகள் பல வருடமாகச் சொல்லி வருவதும் அதே தண்ணீரைப் பற்றித்தான்.

அள்ளிய மண்ணைக் கரி எடுத்து முடித்த குழியில் பின்னாலிருந்து நிரப்பிக்கொண்டே போவார்கள். அப்படி நிரப்பியது ஆரம்ப காலத்தில் தலைகீழாக நிரம்பியது. ஆயிரக்கணக்கான வருடம் மேலே இருந்த மண் அடியில் போய், ஐம்பது மீட்டர் ஆழத்து மணற்பாறைத் தூள் மேலே வந்து உட்கார்ந்தது. அதில் அங்ககக் கரிமம் இல்லை, தழைச்சத்து இல்லை, மணிச்சத்து இல்லை, மண்புழு இல்லை. மழை பெய்தால் இறுகும், வெயில் அடித்தால் பிளக்கும். விதை போட்டால் முளைத்து, மஞ்சளாகி, நின்றுவிடும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் நிறுவனமும் சேர்ந்து அந்த மண்ணில் வருடக் கணக்கில் உழைத்தன. தொழுஉரம், பசுந்தாள் உரம், பழுப்பு நிலக்கரியிலிருந்தே எடுத்த ஹியூமிக் அமிலம், வேர் உட்பூசணம், அசோஸ்பைரில்லம் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் தீவனப்புல், பிறகு காய்கறி, பிறகு நெல்லும் விளைந்தது. நெல், மீன், கோழி சேர்ந்த ஒருங்கிணைந்த பண்ணையும் மீட்ட நிலத்தில் அமைந்தது. பெரிய அளவில் மரம் நட்டார்கள். சுரங்கத் தண்ணீர் தேங்கிய இடத்தில் ஏரி உண்டானது, பறவைகள் வந்தன. வேளாண் படிப்பு படிக்கிற ஒவ்வொரு மாணவரும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

இந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மீட்ட நிலத்தில் நெல் விளைந்தது என்பதை வைத்து, எந்த நிலத்தையும் தோண்டலாம், பிறகு மீட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதைத் துணிந்து மறுக்க வேண்டும். மரம் நட்டால் பச்சை வரும், காடு வராது. ஒரே வயது, ஒரே உயரம், இரண்டு மூன்று வகை மரம் மட்டும் நிற்கும் தோப்பில் மரங்கொத்திக்குப் பட்டமரம் கிடைக்காது, கீரிக்குப் புதர் கிடைக்காது, தவளைக்குப் பள்ளம் கிடைக்காது. குளத்துப் பாசன நஞ்சையைத் திரும்ப உருவாக்குவது அதைவிடக் கடினம், ஏனென்றால் அதில் மண்ணோடு தண்ணீரின் வழியும் சேர்ந்திருக்கிறது.

அந்த வழியை மாற்றினால் என்ன ஆகும் என்பதை 2023 ஜூலையில் தமிழகம் பார்த்தது. பரவனாற்றுக்கு மாற்றுப்பாதை வெட்ட, வளையமாதேவியில் கதிர் பிடிக்கவிருந்த நெற்பயிருக்குள் மண்வெட்டும் எந்திரங்கள் இறங்கின. நிலத்துக்குப் பணம் பல வருடம் முன்பே கொடுத்தாகிவிட்டது என்றது நிறுவனம். பயிர் நிற்கிறதே என்றார்கள் விவசாயிகள். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. அதற்கு மூன்று மாதம் முன்பு, சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய மூன்று நிலக்கரித் தொகுதிகளை ஏலப் பட்டியலிலிருந்து மத்திய அரசு நீக்கியிருந்தது. காவிரி டெல்டாவுக்கு 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் விவசாயிகளின் குரலும் அதற்குப் பின்னால் இருந்தன. அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் நாஞ்சில் நாடு வராது. இங்குள்ள வயலுக்கு அப்படி ஒரு வேலி இல்லை. நிலத்தின் சொந்தக்காரர்தான் வேலி.

ஒரு அடி மண்ணின் கணக்கு

இனி கொட்டாரத்து வயலுக்கே வருவோம். ஒரு ஏக்கரில் ஒரு அடி ஆழத்துக்கு மண் எடுத்தால் அது சுமார் 1,230 கன மீட்டர். டிராக்டர் டிப்பர் ஒன்றுக்கு 3 கன மீட்டர் என்று வைத்தால் 400 லோடுக்கு மேல். லோடு கணக்கில் பார்த்தால் கைக்கு வரும் பணம் பெரியதாகத்தான் தெரியும். மகள் கல்யாணம், மருத்துவச் செலவு, வங்கிக் கடன் என்று மண்ணை விற்கிறவருக்கு ஒரு காரணம் இருக்கிறது. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பயனில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அது நியாயமானதும்கூட. கடைமடையில் மேடாகிப் போன வயலுக்குத் தண்ணீர் ஏறாது. ஒன்றரை அடி தாழ்த்தினால் மடைத் தண்ணீர் தானாகப் பாயும். சூளைக்காரர் மண்ணையும் எடுத்துப் பணமும் தருகிறார் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

தாழ்த்துவதில் தப்பில்லை, தாழ்த்துகிற விதத்தில்தான் சங்கதி இருக்கிறது. நஞ்சை வயலில் மேல் அரை அடிதான் பயிருக்குச் சோறு போடும் மண். அதற்குக் கீழே, தலைமுறை தலைமுறையாகத் தொழி அடித்ததால் இறுகிய ஒரு தளம் இருக்கிறது. தண்ணீர் வயலில் நிற்பது அந்தத் தளத்தால். எந்திரம் இறங்கி இரண்டையும் சேர்த்து வழித்துக்கொண்டு போனால், அடுத்த போகத்தில் கட்டிய தண்ணீர் மறுநாள் காலையில் காணாமல் போகும். அல்லது நேர்மாறாக, பள்ளமாகிவிட்ட வயலில் பக்கத்து வயல்களின் தண்ணீரெல்லாம் இறங்கி, அறுவடைக்குக்கூட வடியாமல் நிற்கும். பக்கத்து வயல்காரரின் வரப்பு சரியும். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோகும்.

நெய்வேலியில் பெரும் பணம் செலவழித்துக் கற்ற பாடம் இங்கேதான் உதவும். எந்திரம் வந்ததும் முதல் வேலை, மேல் ஒரு அடி மண்ணைத் தனியாக வழித்து வயலின் ஒரு மூலையில் குவிப்பது. அந்தக் குவியல் ஆளுயரத்துக்கு மேல் போகக் கூடாது. உயரமாகக் குவித்தால் அடியில் காற்றில்லாமல் நுண்ணுயிர் செத்துவிடும். இரண்டு மாதத்துக்கு மேல் கிடக்கும் என்றால் அதன்மேல் தக்கைப்பூண்டு தூவிவிடலாம், மழையில் கரையாது. பிறகு அடிமண்ணைத் தேவையான அளவு எடுத்து, தரையைச் சமன் செய்து, ஒதுக்கி வைத்த மேல்மண்ணைத் திரும்பப் பரப்ப வேண்டும். சூளைக்காரருக்கு இதனால் ஒன்றும் குறையாது. எந்திரத்துக்கு அதிகப்படி சில மணி நேர வாடகை, அவ்வளவுதான். பேரம் பேசும்போதே இதைச் சொல்லிவிட்டால் அந்த வாடகையையும் அவரே ஏற்பார்.

ஏற்கெனவே மேல்மண் போய்விட்ட வயலாக இருந்தால், முதல் போகத்தில் நெல் நட்டுக் கைப்பிடித்ததையும் இழக்க வேண்டாம். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் மடக்கி உழுங்கள். 5 டன் தொழுஉரம், அடியுரத்தோடு 10 கிலோ துத்தநாக சல்பேட், அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும். மண் பரிசோதனை முடிவு வந்த பிறகு பேரூட்டத்தை முடிவு செய்யுங்கள். பழைய விளைச்சல் திரும்பச் சில வருடம் ஆகும். முதலில் திரும்புவது மண்புழு, அதைத் தேடி வரும் கொக்கு அடுத்தது. உழவு ஓட்டும்போது பின்னால் கொக்கு நடக்கவில்லை என்றால் மண் இன்னும் ஆறவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆய்வுக்கூட அறிக்கைக்கு அது மாற்று இல்லை, ஆனால் செலவில்லாத அறிகுறி.

மண் பட்டா நிலத்தில்தானே இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். பட்டா நிலமானாலும் மண்ணை வெட்டி வெளியே கொண்டுபோகக் கனிமவளத் துறையின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் எடுத்தால் லாரியைப் பிடிப்பதோடு விவகாரம் முடியாது, நிலத்துக்காரர் பெயருக்கும் நோட்டீஸ் வரும்.

குளத்து வண்டல்

மண்ணை எடுப்பதால் நிலமும் குளமும் இரண்டும் நன்மை அடைவது வண்டலில் மட்டும்தான். விவசாயத்துக்கு இலவசமாக எடுக்க அரசு அனுமதிக்கிறது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90, மண்பாண்டத் தொழிலுக்கு 60. டிராக்டர் லோடில் முறையே 25, 30, 20. 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. 75 கன மீட்டரை ஒரு ஏக்கரில் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர் கனம்தான் வரும். பார்க்கக் கொஞ்சம், பலன் அதிகம். பறவைகளுக்காகப் பாதுகாப்பில் உள்ள குளங்களுக்கு வனத்துறையின் சம்மதமும் தேவைப்படும். மணக்குடிக் காயலுக்குப் பக்கத்துக் குளம் என்றால் முதலில் உப்புத்தன்மையைப் பரிசோதியுங்கள். உவர் வண்டலைத் தென்னைக்குப் போட்டுவிட்டுப் பிறகு வருந்த வேண்டாம்.

எடுக்கிற முறையில் மூன்று நான்கு சங்கதிகள் இருக்கின்றன. கரையின் அடியிலும் மடைக்குப் பக்கத்திலும் தோண்டக் கூடாது, இது எல்லோருக்கும் தெரியும். மடை மட்டத்துக்குக் கீழே போய் எடுத்த பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் வயலுக்கு வராது, இது பலருக்குத் தோன்றுவதில்லை. வண்டலைத் தாண்டி அடியிலுள்ள களித்தளத்தை வெட்டிவிட்டால் குளமே கசியத் தொடங்கும். எடுத்த பள்ளத்தின் ஓரம் சுவர்போல நிற்கக் கூடாது. ஒரு அடி ஆழத்துக்கு மூன்று அடி சரிவாவது விட வேண்டும். செங்குத்துப் பள்ளத்தில் விழுந்து மாடு ஏற முடியாமல் தவிக்கும். குளிக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஆபத்து. பறவைக்கும் அது உதவாது, முக்குளிப்பானும் நீர்க்காகமும் போன்றவை தவிர மற்றவை பெரும்பாலும் ஓரத்து ஆழமில்லாத தண்ணீரை நம்பி வாழ்கின்றன. சரிவில்லாத குளத்தில் நாரைக்கு நிற்க இடம் கிடையாது.

குளத்தை முழுக்க ஒரே வருடத்தில் துடைத்து எடுப்பதும் வேண்டாம். ஒரு பாதியில் கோரையும் சம்பும் தாமரையும் நிற்கட்டும். தாழைக்கோழி கூடு கட்டுவது அந்தக் கோரைக்குள். நடுவில் மண்திட்டு இருந்தால் அதையும் அதன்மேல் நிற்கும் மரத்தையும் விட்டுவிடுங்கள். கருவேல மரமென்று வெட்ட நினைக்கும் முன் அண்ணாந்து பாருங்கள், கூடு இருந்தால் குஞ்சு பறக்கும்வரை காத்திருக்கலாம்.

பொத்தையில்லாமல் போன ஊர்கள்

வயலும் குளமும் திரும்பும். பொத்தை திரும்பாது. பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை தங்கும், உடும்பு தங்கும், கீரியும் சாரையும் தங்கும். இவை வேட்டைக்கு இறங்குவது பொத்தையடி வயலுக்கு. வெடி வைத்த பிறகு இந்த இடுக்குகளை எந்தப் பொறியாளராலும் திரும்பச் செய்ய முடியாது. ஆந்தைக்கு வீடு போனால் எலிக்கு லாபம், அந்த லாபம் யார் கணக்கிலிருந்து போகிறது என்பது பால் பிடிக்கும் பருவத்தில் நெல்வயலைப் பார்த்தவருக்குத் தெரியும்.

மயில் தொல்லையால் நொந்துபோன விவசாயிக்கு இந்தப் பேச்சு எரிச்சலைத் தரலாம். நட்ட காய்கறியை மயில் கொத்திப்போட, காட்டுவிலங்கைக் காப்பாற்று என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் கைவிட்ட குவாரியையும் மண் எடுத்த பள்ளத்தையும் போய்ப் பார்த்தால் ஒன்று புரியும். யாரும் சீர் செய்யாமல் விட்ட இடத்தில் முள்புதர் மண்டுகிறது. மயிலுக்கும் பன்றிக்கும் பகலில் ஒளிய அதைவிட நல்ல இடம் இல்லை. சீர் செய்யாத குழி, எல்லா உயிருக்கும் வீடாகாமல் தொல்லை தரும் இரண்டு மூன்றுக்கு மட்டும் வீடாகிறது.

நிலக்கரிச் சுரங்கத்துக்கு 2009 முதல் ஒரு விதி இருக்கிறது. சுரங்கத்தை எப்படி மூடுவது என்ற திட்டத்தைத் தோண்டும் முன்பே கொடுத்து, அதற்கான பணத்தையும் தனிக் கணக்கில் போட்டுவர வேண்டும். பொதுவாக எல்லாக் குத்தகைதாரருக்கும் பொருந்தும்படி, எடுத்து முடித்த இடத்தில் புல் வளர்த்து, கால்நடைத் தீவனத்துக்கும் செடி கொடி உயிரினங்களுக்கும் ஏற்றதாக விட வேண்டும் என்ற நிபந்தனையைக் குத்தகையில் சேர்க்குமாறு உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 8-ல் உத்தரவிட்டது. ஆடு மாடு வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைக்க வேண்டிய உத்தரவு. ஊர்ப் பக்கத்தில் குவாரி அனுமதிக்கான பேச்சு வரும்போது, எத்தனை லாரி ஓடும், சாலை தாங்குமா என்று கேட்பதோடு, மேல்மண்ணை எங்கே குவிப்பீர்கள், எந்த ஆழத்தில் நிறுத்துவீர்கள், எந்தப் பாறை முகத்தை உடைக்காமல் விடுவீர்கள், முடிந்ததும் என்ன நடுவீர்கள் என்றும் எழுத்தில் கேளுங்கள். கேள்வி எழுத்தில் போனால் பதிலும் எழுத்தில் வந்தாக வேண்டும்.

என்ன நடுவது என்பதில் ஒரு சொல். குழியோரத்தில் சவுக்கும் தைலமரமும் வரிசையாக நட்டுப் புகைப்படம் எடுத்து அனுப்பிவிடுவது சுலபம். அவை வேண்டாம் என்றில்லை, விற்றால் காசு. ஆனால் அதற்கு நடுநடுவே ஆலும் அரசும் நாவலும் இலுப்பையும் புங்கனும் வேண்டும். கடற்காற்று படும் பக்கம் புன்னையும் தாழையும் பனையும். பனை வளர்வது மெதுவாகத்தான். இருந்தாலும் அதன் ஓலையடியில் உழவாரனும், ஓலை நுனியில் தூக்கணாங்குருவியும் குடியிருக்கும். நிற்கிற பனையை வெட்ட இப்போது மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கும்பப்பூ அறுவடை மாசி, பங்குனியில் முடியும். கால்வாயில் தண்ணீர் நின்று, குளம் ஓரத்திலிருந்து வற்றிக்கொண்டு நடுவே சுருங்கும். வண்டல் எடுக்க வண்டிகள் இறங்குவது அந்த நாட்களில். மீனும் அதைத் தின்னும் பறவைகளும் அந்தக் கடைசிக் குட்டையில்தான் கூடியிருக்கும். வேலையை முதலில் வற்றிய ஓரத்திலிருந்து தொடங்கி, குட்டைக்கு ஐம்பது அடி முன்னால் நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். மிச்சத்தை அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம். அனுமதிக்கு விண்ணப்பம் கொடுக்கத் தைப் பொங்கல் முடிந்ததும் வட்டாட்சியர் அலுவலகம் போவது நல்லது. பட்டா நகலையும் எந்தக் குளம், எத்தனை ஏக்கருக்கு என்ற விவரத்தையும் கையோடு கொண்டுபோனால் இரண்டாவது முறை அலைய வேண்டாம்.